மூன்று சிமிட்டல்

ஸ்டீரியோவோடு போயிருந்தால் விட்டிருப்பேன்.
டேஷில் கிடந்த கத்தரிக்கோலையும் எடுத்துப் போயிருந்தான்,
கட்டு அறுக்கிற, நுனி வளைந்த
என் கத்தரிக்கோல்.
அதனால் அலாரம்.

பாண்டி காமராஜர் சாலையில் ஆயிரத்து நூறு ரூபாய்.
மாட்டித்தர இன்னும் எண்ணூறு என்றான் கடைப்பையன்.
பாதி இருட்டில் நரம்பு தேடி ஊசி ஏற்றுகிறவளுக்கு
ஒரு சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் எம்மாத்திரம்.
முள்ளோடை தாண்டும்வரை
அந்தத் தைரியம் குறையவில்லை.

ஞாயிறு முழுக்க ஸ்டீரிங்குக்கு அடியில் தலைகீழாக.
படத்தில் பன்னிரண்டு ஒயர்,
பெட்டியில் பதிமூன்று.
சோதனை விளக்கு எப்போதும் எரிகிற இடம் பேட்டரி,
சாவி திருப்பினால் மட்டும் எரிகிற இடம் இக்னிஷன்,
எங்குமே எரியாத இடம் என் கழுத்து.
பச்சை ஒயருக்கு என்ன வேலையென்று கடைசிவரை தெரியவில்லை.
டேப் சுற்றித் தூங்கவைத்தேன்.
சைரனை, மழைத்தண்ணீர் தேங்காதபடி, வாய் கீழே பார்க்க வைத்தேன்.
மாலை ரிமோட்டை அழுத்த, க்விக் என்றது.
முதுநகரில் அன்று
என்னைவிடப் பெரிய எஞ்சினியர் கிடையாது.

விடியற்காலை மூன்று நாற்பதுவரை கிடையாது.

ஆறு குரலில் கத்தியது. ஆம்புலன்ஸ், போலீஸ்,
அப்புறம் ஏதோ பறவையின் கழுத்தை நெரிப்பதுபோல ஒன்று.
எதிர்வீட்டு ஜக்கரியா கைலியை இறுக்கிக்கொண்டு வந்து
டயரை ஓர் உதை உதைத்தார்.
டயர் என்ன செய்யும், பாவம்.

மறுநாளும் மூன்று நாற்பது.
அதற்கு மறுநாள், பத்து நிமிடம் தள்ளி.
பூனை என்றார்கள்; பூனையைத் துரத்தினேன்.
ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி போகிற அதிர்வு என்றார்கள்;
ஷாக் சென்சாரின் திருகைக் குறைத்தேன்,
இன்னும் குறைத்தேன்,
கடைசியில் பிடுங்கி கைப்பையில் போட்டுக்கொண்டு படுத்தேன்.
சென்சார் இல்லாத வண்டி
அன்றைக்குத்தான் நன்றாகக் கத்தியது.

வார்டில் இதெல்லாம் தினப்படி.
மானிட்டர் அலறும், ஓடுவோம்,
கட்டிலில் இருப்பவர் சாவகாசமாக பன் தின்றுகொண்டிருப்பார்.
நெஞ்சில் ஒட்டிய லீட் வேர்வையில் கழன்றிருக்கும்.
ஆளைப் பார்த்தாயிற்று என்றால் ஒயரைப் பார்ப்போம்.
நான் இங்கே நாலு நாளாக
ஆளையே தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி இரவு டியூட்டி இல்லை.
சைரனைக் கழற்றி ஊமையாக்கிவிட்டு
மூன்று மணிக்கே உள்ளே போய் உட்கார்ந்தேன்.
கண்ணாடியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று.
கண் சொக்கிய நேரம்
டேஷின் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டியது.
மூன்று. நிறுத்தம்.
மூன்று. நிறுத்தம்.
கதவைத் திறந்து பார்த்தபோது ஒன்று சிமிட்டியிருந்தது,
டிக்கிக்கு இரண்டு.
இத்தனை நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
அது போட்ட சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

டார்ச்சோடு பானெட்டைத் தூக்கினேன்.
விரல்நுனி அளவு ஒரு பித்தான்,
மூடி திறந்தால் சொல்லவேண்டியது.
அதன் கழுத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.
நர்ஸ் செய்யக்கூடாத காரியம்,
தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.
பகலில் காற்று கொண்டுவந்து பூசிய உப்பு
பின்னிரவுப் பனியில் நனைந்து
மின்சாரம் நடந்துபோகப் பாலம் போட்டிருந்தது.
பக்கத்தில் தகடு துருவேறி
பப்படம்போல நொறுங்கியது.
ஆக, திருடு நடந்திருக்கிறது.
ஒவ்வொரு ராத்திரியும் கடல் வந்து
கொஞ்சம் இரும்பை எடுத்துப் போயிருக்கிறது.
அலாரம் ஒருநாளும் பொய் சொல்லவில்லை.

உப்புத்தாளால் தேய்த்து (அதன் பெயரைப் பாருங்கள்)
நாற்பது ரூபாய்க்குப் புதுப் பித்தான் போட்டு
சுற்றிலும் வாசலின் தடவினேன், புண்ணுக்குத் தடவுகிற மாதிரி.
ஒரு வாரமாகச் சத்தமில்லை.
பச்சை ஒயர் இன்னும் தூங்குகிறது.
எனக்குத்தான் மூன்று நாற்பதுக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

நேற்று ஜன்னல் வழியே பார்த்தேன்.
எதிர்வீட்டிலும் விளக்கு எரிந்தது.
ஜக்கரியா கொட்டாவி விட்டபடி வண்டியருகே நின்று,
என்னைப் பார்த்ததும், கவலையோடு கேட்டார்:
"என்னம்மா, ரிப்பேர் ஆயிடுச்சா?"